தொட்டில் யாருடைய பொறுப்பு?



"உழைப்பது ஆணின் கடமை; பிள்ளை வளர்ப்பது பெண்ணின் கடமை" என்று நம்மில் பலர் கூறுகின்றனர். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வீடுகளைச் சற்று உற்று நோக்குங்கள். பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும், வீட்டிலிருந்தே ஆடை தைக்கும் தாயும் உழைக்கவே செய்கின்றனர். உழைப்பு இருவருக்கும் பொதுவாகிவிட்ட பின், தொட்டில் மட்டும் ஒருவருக்கே உரியதாக இருப்பது நீதியாகுமா?

நமது நாட்டுச் சட்டம் தாயின் சிரமத்தை உணர்ந்துள்ளது. தனியார் துறையில் முன்னர் மூன்றாவது குழந்தை முதல் 42 நாட்களே பிரசவ விடுமுறை கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின், எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாட்கள் உரியன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட, வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகளும் உண்டு. இவ்வுரிமைகளை அறியாமல் வேலையைக் கைவிடும் சகோதரிகளுக்கு இதனை எடுத்துரையுங்கள்.

தந்தையின் நிலை யாது? அரச ஊழியருக்கு மூன்று நாட்கள் மட்டுமே. தனியார் துறையில் தந்தைக்கென விடுமுறை வழங்குமாறு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

இதனோடு நமது வழக்கமொன்றும் சேர்கின்றது. திருமணத்தின் பின் மணமகன் மனைவியின் வீட்டில் குடியேறுவது நம் பகுதியின் நெடுங்கால மரபு. பிரசவித்தவளுக்கு அவளது உம்மாவும் சகோதரிகளும் அருகிலேயே இருப்பது பெரும் அருள். ஆயினும் அதனையே காரணமாக்கி, இளம் தந்தை குழந்தையைத் தூக்கவும் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கின்றார். இரவில் விழித்திருப்பதோ தாய் மட்டுமே.

நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பால்குடி மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்துத் தீர்மானிக்குமாறு ஸூரா அல்பகரா வழிகாட்டுகின்றது. அவ்வாறாயின், வீட்டுப் பணி ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இளைஞர்களே! கடை, அலுவலகங்களில் பணிபுரிவோர் ஆண்டு விடுமுறையில் சில நாட்களைப் பிரசவ காலத்திற்கெனச் சேமித்து வையுங்கள். வாவியில் வலை வீசுவோரும் வியாபாரிகளும் அந்நாட்களில் தொழில் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே! மகளுக்குக் கற்பிக்கும் வீட்டுப் பணியை மகனுக்கும் கற்பியுங்கள். கடை முதலாளிகளே! தந்தையாகும் ஊழியருக்கு மனமுவந்து விடுமுறை வழங்குங்கள்.

இன்று குழந்தையைச் சுமக்கும் தந்தையின் கரத்தை, நாளை அப்பிள்ளை பற்றிக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.