பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு ஜோடி சேர்ப்பதா, ஒரே நல்ல கார்டாக மாற்றுவதா?

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். ‘‘கம்ப்யூட்டர் ரொம்பத் திணறுதுப்பா. இப்ப இருக்கிற கார்டு மாதிரியே செகண்ட் ஹேண்டுல இன்னொண்ணு வாங்கிப் போட்டா டபுள் ஸ்பீடு வந்துடும்’’ என்று மகன் கேட்பான். இருப்பதைத் தூக்கிப் போடாமல், குறைந்த செலவில் வேலை முடிகிறதே என்று அப்பாவுக்கும் நியாயமாகத்தான் படும்.

ஆனால், கேட்க நியாயமாக இருக்கும் இந்தக் கணக்குதான் பல வீடுகளில் பணத்தை வீணாக்குகிறது. அதேசமயம், இரண்டாவது கார்டு உண்மையாகவே சம்பாதித்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. எந்த வீடு எந்த ரகம் என்பது அந்தக் கம்ப்யூட்டரில் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

இரண்டு கார்டு ஆசை எங்கிருந்து வந்தது?

1998-ல் 3டி.எஃப்.எக்ஸ் நிறுவனம், தன்னுடைய ‘வூடூ 2’ கார்டுகள் இரண்டை ஒரே கம்ப்யூட்டரில் இணைத்து ஓட்டும் வசதியைக் கொண்டுவந்தது. திரையில் தெரியும் படத்தின் வரிகளை இரண்டு கார்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு போட்டு வரையும். பிறகு அந்த நிறுவனத்தின் சொத்துகளை வாங்கிய என்விடியா, 2004-ல் ‘எஸ்.எல்.ஐ’ என்ற அதே சுருக்கப் பெயரில் தன் கார்டுகளை ஜோடி சேர்த்தது. அடுத்த ஆண்டே ஏ.டி.ஐ நிறுவனம் ‘கிராஸ்ஃபயர்’ என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. இரண்டு கார்டு மாட்டிய கேபினட் அன்றைய கேம் பிரியர்களுக்குப் பெரிய கெளரவம். அந்தக் காலத்து வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் பலருக்கு இந்த ஆசை வருகிறது.

இரண்டு தோசைக்கல் சிக்கல்

பெரும்பாலான கேம்களில் முதல் ஃபிரேமை ஒரு கார்டும், அடுத்த ஃபிரேமை இன்னொரு கார்டும் மாற்றி மாற்றி வரைந்தன. அடுப்பில் இரண்டு தோசைக்கல் வைப்பது போலத்தான். மொத்தம் எத்தனை தோசை என்று எண்ணினால் கணக்கு ஏறியிருக்கும். ஆனால், இரண்டு தோசை சேர்ந்தாற்போல இலையில் விழும். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கேமில் இந்த இடைவெளி சின்னச் சின்னத் தடுமாற்றமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. எண் ஏறியும் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகாததற்கு இதுதான் காரணம்.

அடுத்தது நினைவகம். 8 ஜி.பி கார்டு இரண்டு போட்டால் 16 ஜி.பி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரே வகுப்பில் படிக்கும் இரட்டையர்களுக்கு ஒரே பாடப்புத்தகத்தை இரண்டு பிரதி வாங்குகிறோம். அதனால் பாடம் இரண்டு மடங்காவதில்லை. அதுபோல, கேமுக்கு வேண்டிய அதே விஷயங்களை இரண்டு கார்டுகளும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, கேமைப் பொறுத்தவரை 8-ம் 8-ம் சேர்ந்தாலும் 8-தான்.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு கேமுக்கும் இதற்கெனத் தனியாக வேலை பார்க்க வேண்டியிருந்தது. 2020-ல் என்விடியா, அடுத்த ஆண்டு ஜனவரி முதல் புதிய எஸ்.எல்.ஐ புரொஃபைல்களை வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு வந்த ஆர்.டி.எக்ஸ் 30 வரிசையில் 3090-ல் மட்டுமே இணைப்பு வசதி இருந்தது. 2022-ல் வந்த 40 வரிசையில் அதுவும் இல்லை. இன்று ஒரு கேம் இரண்டு கார்டுகளைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அதை உருவாக்குபவர்களே அதற்கான வேலையைச் செய்ய வேண்டும். செய்பவர்கள் மிகக் குறைவு.

கேம் விளையாடத்தான் என்றால்...

நம்மூரில் ஏராளமாக விற்ற ஜி.டி.எக்ஸ் 1060 கார்டையே எடுத்துக்கொள்ளலாம். 2016-ல் வந்த இந்தக் கார்டில் எஸ்.எல்.ஐ இணைப்பு கிடையாது. இன்னொரு 1060 வாங்கி மாட்டினாலும், பெரும்பாலான கேம்களில் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். தவிர, இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான கேம் டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஓய்வுக்குப் போகும் கார்டுக்கு ஜோடி தேடுவதில் பயனில்லை.

அதற்குப் பதில் அதே இடத்தில் ஆர்.டி.எக்ஸ் 4060-ஐ மாட்டினால், வேகம் கணிசமாகக் கூடும். 1060-க்கு 120 வாட்ஸ், 4060-க்கு 115 வாட்ஸ். ஆகவே மின்சாரச் செலவு ஏறாது. பழைய கார்டை விற்றால் கொஞ்சம் பணமும் திரும்பும். கேமுக்கு என்றால் ஒரே நல்ல கார்டுதான், இரண்டாம் யோசனையே தேவையில்லை.

இரண்டாவது கார்டு சம்பாதிக்கும் இடம்

வேலையைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொள்ள முடிந்தால் கதை மாறும். அனிமேஷன் படிப்பவர்கள் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருளில், சைக்கிள்ஸ் முறையில் ரெண்டர் செய்வது அப்படிப்பட்ட வேலை. 10 விநாடி அனிமேஷன் என்றால், விநாடிக்கு 24 வீதம் 240 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்றால் மொத்தம் 8 மணி நேரம். அதே திறனுள்ள இரண்டு கார்டுகள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் ஏறக்குறைய 4 மணி நேரம். ராத்திரி முழுக்க ஓட வேண்டியது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதற்குள் முடியும். ஃப்ரீலான்ஸ் வேலை எடுப்பவருக்கு இந்த 4 மணி நேரம் இன்னொரு ஆர்டர்.

இங்கே இரண்டு கார்டுகளும் ஒரே மாடலாக இருக்க வேண்டியதில்லை. புதிய கார்டு வாங்கிவிட்டு, பழையதையும் பக்கத்து ஸ்லாட்டில் உழைக்க விடலாம். ஆனால், ரெண்டர் செய்யும் காட்சி ஒவ்வொரு கார்டின் நினைவகத்துக்குள்ளும் தனித்தனியாக அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டு சிறிய கார்டுகளை விட, நினைவகம் அதிகமுள்ள ஒரே கார்டுதான் கைகொடுக்கும்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளிலும் இரண்டு கார்டுகள் பயன்படும். ஆனால், அதற்குக் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு தேவை. எனவே, அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஏ.ஐ மொழி மாடல்களை ஓட்டிப் பழகும் மாணவர்களுக்கு மட்டும் பாடப்புத்தகக் கணக்கு பொருந்தாது. ஒரு மாடலின் அடுக்குகளை இரண்டு கார்டுகளில் பிரித்து வைக்க முடியும். 12 ஜி.பி ஆர்.டி.எக்ஸ் 3060 இரண்டு இருந்தால், ஒன்றில் அடங்காத மாடலையும் ஓட்டிப் பார்க்கலாம். வேகம் இரண்டு மடங்காகாது. பெரிய மாடல் அடங்குகிறது என்பதே லாபம்.

கார்டு விலையோடு முடியாத செலவு

இரண்டாவது கார்டின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுபவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆர்.டி.எக்ஸ் 3060 ஒன்று 170 வாட்ஸ் வரை இழுக்கும். ஒரு கார்டுக்கே 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ் வேண்டும் என்கிறது என்விடியா. இரண்டு கார்டுகளே 340 வாட்ஸ் என்றால், 750 வாட்ஸ் தரமான எஸ்.எம்.பி.எஸ் வாங்குவதுதான் பாதுகாப்பு. வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரன்ட் போனால், அது கைவிட்டுவிடும்.

மதர்போர்டையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த பல போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டே இருக்காது. இருந்தாலும் முதல் ஸ்லாட்டின் வேகம் அதில் கிடைக்காது. இரண்டு கார்டுகள் ஒட்டி உட்கார்ந்தால் மேலே இருப்பது சூடாகும், அதிலும் சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

கரன்ட் பில் கணக்கு இது: கூடுதலாக ஒரு 170 வாட்ஸ் கார்டு தினமும் 5 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 51 யூனிட். இலவச யூனிட் அளவை ஏற்கெனவே தாண்டிவிட்ட வீட்டில், அத்தனையும் காசுதான்.

கடைக்குப் போகும் முன்...

* வழக்கமாகச் செய்யும் வேலையை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பார்க்கலாம். ஜி.பி.யு 95 சதவிகிதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. அது 50, 60-லேயே நின்று கேம் திணறினால், தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கலாம். அப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் பலன் குறைவு.

* மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் அதில் தெரியாது. ஏற்கெனவே 60 சீராக வருகிறது என்றால், வேகமான கார்டுக்குச் செலவழிக்க அவசரம் இல்லை.

* புதிய மாடல் என்பதாலேயே எல்லாவற்றிலும் மேல் என்று அர்த்தமில்லை. 4060 கேமில் 3060-ஐ முந்தும். ஆனால் அதன் நினைவகம் 8 ஜி.பி, 3060-ல் 12 ஜி.பி வகை உண்டு. ஏ.ஐ, பெரிய 3டி காட்சிகளுக்குப் பழையதே பொருத்தமாக இருக்கலாம்.

* செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால், ரிச்சி ஸ்ட்ரீட்டோ தெரிந்தவர் வீடோ, கண்ணெதிரே அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளும் சந்தையில் உண்டு. ஒரிஜினல் பில், மிச்சமிருக்கும் வாரன்டி, மின்விசிறியின் சத்தம் மூன்றையும் கவனிப்பது நல்லது.

* இரண்டாவது கார்டு, எஸ்.எம்.பி.எஸ், தேவைப்பட்டால் மதர்போர்டு, யு.பி.எஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். பக்கத்திலேயே ஒரே நல்ல கார்டின் விலையை எழுதி, பழைய கார்டை விற்றால் வரும் பணத்தைக் கழிக்க வேண்டும். பல வீடுகளில் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

தாளில் இரண்டு தொகையும் ஏறக்குறைய சமமாக வந்தால், கடைசியாக ஒரு கேள்வி போதும்: இந்தக் கம்ப்யூட்டர் மாதத்தில் எத்தனை நாள் ரெண்டரிலோ ஏ.ஐ வேலையிலோ மணிக்கணக்கில் ஓடுகிறது? பாதி நாள்களுக்கு மேல் என்றால் இரண்டாவது கார்டு தன் விலையை உழைத்துக் கொடுக்கும். எப்போதாவது ஒருநாள் என்றால், ஒரே நல்ல கார்டு போதும். மிச்சமாகும் பணம் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு உதவும்.