குற்றவாளி என்று பெயர் வைப்பது யார்?



சமூகவியலில் பிறழ்நடத்தை வேறு, குற்றம் வேறு. ஊர் வழக்கத்தை மீறுவது பிறழ்நடத்தை. அரசின் சட்டத்தை மீறுவது குற்றம். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் நம் தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் சாதி வரலாறு இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இவர் திருடினாரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று கேட்டது. தேனியும் சேர்ந்திருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர்கள் அதன் கீழ் வந்தார்கள். பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் கொல்லப்பட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் விளக்கிய முத்திரை குத்தும் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறழ்வு என்பது செயலுக்குள் இருக்கும் குணமல்ல. அதிகாரம் உள்ளவர்கள் ஒட்டும் பெயர். பெயர் ஒட்டிவிட்டால் வேலை கிடைக்காது, நம்பிக்கை கிடைக்காது. எங்கே களவு போனாலும் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும். அந்தக் கைதே பிறகு முத்திரைக்குச் சாட்சி ஆகிவிடும்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீங்கியது. முத்திரை நீங்கவில்லை. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. துப்புரவு வேலையைத் தலித்துகள் தலையில் கட்டியதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்த்ததும் அதே சிறை விதிகள்தான்.

இனி ஊர் வழக்கம். ஒரு செயல் கூட்டு மனச்சாட்சியைப் புண்படுத்துவதால்தான் குற்றமாகிறது என்றார் எமில் டர்கைம். ஊரும் சேரியுமாகப் பிரிந்த இடத்தில் அந்த மனச்சாட்சி யாருடையது? மகாடு குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் குடித்தபோது ஆதிக்கச் சாதியினர் அவர்களை அடித்தார்கள். சட்டப்படி உரிமை, வழக்கப்படி குற்றம். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவர் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றவாளி. ஆனால் பொதுக் குவளையைக் கேட்டவரைத்தான் ஊர் குற்றவாளி என்கிறது. சாதி மறுப்புத் திருமணத்திலும் இதே கதைதான்: மணந்தவர்கள் குற்றவாளிகள், வெட்டியவர் கௌரவம் காத்தவர்.

ஆதிக்கச் சாதிகளோடு முரண்படும் நாம் பெருங்காமநல்லூரை எப்படிப் பார்ப்பது? வேறு சாதியின் துயரம் என்று ஒதுங்க முடியாது. தீண்டப்படாதவர்களைப் பற்றி 1948இல் எழுதிய நூலின் முன்னுரையில் அம்பேத்கர் குற்றப் பரம்பரையினர், பழங்குடிகள், தீண்டப்படாதோர் ஆகிய மூவரையும் ஒன்றாக வைத்தே இந்து நாகரிகத்தைக் கேள்வி கேட்டார். அந்த வழியில் நின்றால்தான் இன்னொரு கேள்வியையும் நாம் நேராகக் கேட்க முடியும்: பிறப்பால் குற்றவாளி என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சேரியில் பிறந்தவரைப் பிறப்பால் தாழ்ந்தவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

களப்பணியில் இருக்கும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலித்துகள் தாக்கப்பட்ட பல வழக்குகளில் அடிபட்டவர் மீதே எதிர்ப் புகார் பதிவாகிறது. அதுவும் முத்திரை குத்தல்தான். நோக்கம் சமரசத்துக்குத் தள்ளுவது. முதல் தகவல் அறிக்கையில் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவரா என்று கேளுங்கள். கடமை தவறும் அரசு ஊழியரையும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு தண்டிக்கும்.

மாணவர்கள் குற்றச் செய்தி படிக்கும்போது என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். மீறப்பட்டது யாருடைய விதி, அந்த விதியால் யாருக்கு லாபம் என்றும் கேளுங்கள். நம் பாட்டன்மார் மீறியதெல்லாம் சாதியின் விதியைத்தான். நாமும் அதை மீறிக்கொண்டே இருப்போம்.