கல்யாணம் ஆச்சு, விசா என்னாச்சு?

வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியவர்கள் படும் பாடு

சென்னை,

மூன்று முடிச்சு போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிய சென்னை வாலிபர், விசா கெடு பற்றிய கவலை இல்லாமல் மனைவியுடன் குடித்தனம் நடத்தக் குறைந்தது 2 வருஷம் காத்திருக்க வேண்டும்!

வெளிநாடு என்றால் வெள்ளைக்காரப் பெண் மட்டும் அல்ல. கொழும்பில் இருக்கும் சொந்த அத்தை மகளானாலும், இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவரும் வெளிநாட்டவர்தான். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர் என்றாலும் இதே கதைதான்.

30-க்கு 30

கல்யாணத்துக்கு முன்பே தலைவலி தொடங்கிவிடும்.

பெண் வேறு மதம் என்றால் பெரும்பாலும் 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் பதிவு. மனு கொடுத்ததும் ரிஜிஸ்தர் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள்.

மணப்பெண் 30 நாள் டூரிஸ்ட் விசாவில் வந்திருந்தால்? நோட்டீஸ் கெடு முடிவதற்குள் விசாவே முடிந்து போகும். மாலை மாற்றுவதா, மூட்டை கட்டுவதா?

இதுபோக, "இவருக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகவில்லை" என்று அவருடைய நாட்டுச் சர்டிபிகேட்டும் வேண்டும்.

வீட்டில் விசாரணை

கல்யாணம் பதிவானதும் டூரிஸ்ட் விசாவை "எக்ஸ்" விசாவாக மாற்ற மனு போடலாம். முன்பெல்லாம் இதற்காக நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் கால் கடுக்க நின்றார்கள். 2018 முதல் மனு கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது.

ஆனாலும் விசாரணை உண்டு. இருவரும் நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று ரிப்போர்ட் போக வேண்டும். புதுப்பெண் காபி போடக் கற்றுக்கொள்வதற்குள், "உங்க வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சாமே?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டுவிடுவார்!

எக்ஸ் விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. டாக்டருக்குப் படித்தவராக இருந்தாலும் வீட்டோடுதான். கணவர் சம்பளம் ஒன்றில்தான் குடும்பம் ஓட வேண்டும். கெடு முடியும் முன்பு நீடிப்புக்கு மனு. மறுபடியும் அதே பேப்பர்கள்.

ஆயுள் விசா

இந்த அல்லாட்டத்துக்கு முடிவு "ஓ.சி.ஐ." கார்டு. இது ஆயுள் முழுவதற்கும் விசா மாதிரி. வேலைக்கும் போகலாம். ஆனால் ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

கல்யாணம் பதிவாகி, 2 வருஷம் இடைவிடாமல் நீடித்திருந்தால்தான் மனுவே போட முடியும். இந்தியாவில் கொடுத்தால் கட்டணம் ரூ.15 ஆயிரம். போட்டோகூட சதுரமாக இருக்க வேண்டும். சாதாரண பாஸ்போர்ட் சைஸ் படம் செல்லாது.

பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்களுக்கு இந்தக் கார்டு கிடையாது. கார்டு வாங்கிய பிறகு விவாகரத்து ஆனால் அதுவும் ரத்தாகும்.

போலிக் கல்யாணத்தைத் தடுக்கக் கெடுபிடி வேண்டும் என்பது நியாயம்தான். அதற்காக நிஜமாகக் குடும்பம் நடத்துகிறவர்களும் 2 வருஷம் பைலும் கையுமாக அலைய வேண்டியிருக்கிறது.

மறக்காதீங்க!

கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதிவைத் தள்ளிப் போட்டால், ஓ.சி.ஐ. மனுவும் தள்ளித்தான் போகும். எனவே பந்தல் பிரிக்கும் முன்பே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடுவது நல்லது.