கலைவாணர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாழ்வோர் ஏற்காடு மலைக்குச் செல்லுங்கால், வழியில் பழைய நுழைவாயில் ஒன்றைக் காண்பர். டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சின் எஞ்சிய சின்னம் அது. அந்நிறுவனம் 1940இல் வெளியிட்ட ‘உத்தமபுத்திரன்’ படத்தில் மக்களைச் சிரிக்க வைத்தவர் என். எஸ். கிருஷ்ணன். பாடகராகவும் நகைச்சுவை நடிகராகவும் விளங்கிய அவரைத் தமிழுலகம் ‘கலைவாணர்’ எனப் போற்றுகின்றது.

அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார்; அங்குக் கேட்ட பாட்டையும் பேச்சையும் உள்ளத்தில் பதித்துக்கொண்டார். வில்லுப்பாட்டில் தேர்ந்தார், பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1936இல் ‘சதி லீலாவதி’ படத்தில் நடித்தார்.

பழைய கலைவடிவத்தில் புதிய கருத்தைப் புகுத்துவது அவர்தம் தனித்திறன். கதாகாலட்சேபத்தில் பாகவதர் நின்றுகொண்டு, பக்க வாத்தியம் முழங்க, அடியார் வரலாற்றை உரையும் பாட்டுமாகச் சொல்வார். அம்முறையை அப்படியே மேற்கொண்ட கலைவாணர், நந்தனார் கதைக்கு ஈடாகக் கிந்தனார் கதையைப் படைத்தார். பாடல்களை உடுமலை நாராயணகவி இயற்றினார். நந்தனார் தில்லையைக் காண விழைந்தார். கிந்தனோ கல்வியைக் காண விழைந்தான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அச்சிறுவன், இரயிலேறிப் பட்டணம் சென்று கற்று உயர்கின்றான். கேட்டோர் முதலில் சிரித்தனர். பின்னர், ‘இச்சிறுவனுக்கு ஏன் பள்ளிக் கதவு அடைபட்டது?’ எனச் சிந்தித்தனர். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் இக்கதை இடம்பெற்றது.

சிரிக்க வைத்தவர் வாழ்விலும் துன்பம் புகுந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான அவர், ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் வாடினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; மீண்டும் ஆராயப்பெற்று, 1947இல் அவர் குற்றமற்றவரென விடுதலையானார். அவருடைய துணைவியாரும் உடன் நடித்தவருமான டி. ஏ. மதுரம், அக்காலம் முழுவதும் அவருக்கு உறுதுணையாய் நின்றார். சிறையிலிருந்து மீண்டபின்னும் கலைவாணரின் நகைச்சுவையில் கசப்பு ஏறவில்லை. ஈட்டிய பொருளை இல்லாதவர்க்கு ஈந்தார்; காந்தியடிகளுக்கு நாகர்கோவிலில் தம் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார்.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். பிறரை எள்ளி நகைப்பது எளிது. அவர்தம் அறியாமையைச் சிரிப்பினாலேயே அகற்றுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையால் கலைவாணர் மக்கள் உள்ளத்தில் நிலைபெற்றார்.