இடந்தவறிய கருவும் இல்லத்து மௌனமும்

நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத விடயங்கள் சில உள. அவசர கருத்தடைக் குளிசை அவற்றுள் ஒன்று. மருந்துக்கடையில் வாங்கி, எவரும் அறியாமல் உண்டு, அத்துடன் மறந்துவிடுவதே பலரது வழக்கம். அம்மறைவு சிலவேளை உயிருக்கே உலைவைக்கும் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்தைக் கொண்ட குளிசை, உறவின் பின் 72 மணித்தியாலத்துள் உண்ணப்படுவது. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தாமதிப்பதே அதன் தொழில். முட்டை முன்னரே வெளிப்பட்டிருப்பின் பெரும்பயன் விளையாது. ஆகவே, குளிசை உண்டும் சிலர் கருவுறுவர்.

கரு தங்கவேண்டிய இடம் கருப்பை. ஆயின், அது உருவாவதோ பலோப்பியன் குழாயில். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள அக்குழாயின் உட்புறத்து நுண்ணிய மயிர்கள் கருவை மெல்லக் கருப்பைக்கு நகர்த்துகின்றன. வழியில் தடை நேரின் கரு குழாயிலேயே பற்றிக்கொள்ளும். வளருங் கருவைத் தாங்கும் ஆற்றல் குழாய்க்கு இல்லை. அது வெடித்து, வயிற்றினுள் இரத்தம் பெருகும். 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் லோசன் ரெயிற் என்னும் சத்திரவைத்தியர், வெடித்த குழாயை அகற்றி உயிர்காக்கும் வழியைக் காட்டினார். அதற்குமுன் இந்நிலை பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது.

நூறு கருப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு இடந்தவறுகின்றன. குளிசை பயன்தராமல் உண்டான கருப்பங்களின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் ஏறக்குறைய இதே அளவையே கண்டனர். எனவே, பழியைக் குளிசைமேற் சுமத்துதல் பொருந்தாது. முன்பொருமுறை இவ்வாறு கரு இடந்தவறியவர், கிளமிடியா போன்ற தொற்றுக்களால் குழாயில் அழற்சி கண்டவர், குழாயிற் சத்திரசிகிச்சை பெற்றவர், புகைப்பவர், 35 வயதைக் கடந்தவர், லூப் இருக்கும்போதே கருவுற்றவர் ஆகியோர் கூடிய கவனங்கொள்ளல் வேண்டும். எனினும், பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் இத்தகைய காரணம் எதுவும் காணப்படுவதில்லை.

மயக்கம் நேர்வது இங்கேதான். குளிசை உண்டபின் சிறிது இரத்தம் படுதல் உண்டு. இடந்தவறிய கருவினாலும் அவ்வாறே படும். மாதவிடாய் வந்துவிட்டதென நிம்மதியடைந்து வாளாவிருப்போர் பலர். வழமையான நாளுக்கு ஒரு வாரங் கடந்தும் மாதவிடாய் வராவிடின், அல்லது வழமையிலுங் குறைவாக வரின், சிறுநீர்ப் பரிசோதனை செய்தல் வேண்டும். அடிவயிற்றில் ஒருபுறமாக நோவு, மயக்கம், தோள்நுனியில் வலி என்பன தோன்றின் தாமதம் ஆகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும். காலத்தோடு அறியின், சிலரை மெதோட்ரெக்சேட் ஊசியாலேயே குணமாக்கலாம்.

அங்கே வைத்தியர் வினவும்போது, தாய் அருகில் நிற்கிறாளென்று மகள் மறைப்பாள். கணவன் அறியலாகாதென்று மனைவி மறைப்பாள். தாய்மாருக்கு நாம் கூறுவது ஒன்றே: அவ்வேளையில் சற்று வெளியே சென்று நில்லுங்கள். மகள் உண்மையைச் சொல்லட்டும். மானத்தைப்பற்றி அவள் பிழைத்தெழுந்த பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.