சிங்கமும் இல்லை, புலியும் இல்லை: யாழ்ப்பாணக் கல்லூரிகளின் 'போர்' எங்கிருந்து வந்தது?

மார்ச் மாதம் பிறந்தால் யாழ்ப்பாண நகரத்தில் ஓட்டோக்களுக்கும் நிறம் வந்துவிடும். ஒரு பக்கம் நீலக் கொடி, மறு பக்கம் சிவப்பும் கறுப்பும். யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும், அதாவது ஊரார் வாயில் 'சென்றலு'க்கும் 'சென் ஜோன்ஸு'க்கும், இடையிலான கடினப்பந்துத் துடுப்பாட்டப் போட்டி அது. 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் விமானச்சீட்டு எடுப்பதே இந்தத் திகதியைப் பார்த்துத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய புலம்பெயர் பிள்ளை ஒன்று இந்த மைதானத்துக்கு வந்தால் கேட்கக்கூடிய முதற் கேள்வி: உங்கள் அணியின் மிருகம் எது? அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு 'மஸ்கொட்' உண்டு. கரடி, கழுகு, நாய், ஆடு, ஏதோ ஒன்று. இங்கே கொடி உண்டு, பப்பரே வாத்தியம் உண்டு, கல்லூரிக் கீதம் உண்டு. ஆனால் மிருக வேடம் போட்டு எல்லைக்கோட்டருகே ஆடுகிற ஆள் இல்லை. ஏன் என்று தேடினால் விளையாட்டை விட்டு வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.

'மஸ்கொட்' என்ற சொல் பிரான்சின் தெற்கே பேசப்படும் புரோவென்சால் மொழியிலிருந்து வந்தது. சூனியக்காரியைக் குறிக்கும் சொல் ஒன்றே அதன் வேர். 1880ஆம் ஆண்டு பாரிஸில் எட்மண்ட் ஓட்ரான் இசையமைத்த 'லா மஸ்கொட்' என்ற நகைச்சுவை இசைநாடகம் மேடையேறியது. வான்கோழி மேய்க்கும் ஒரு பெண் எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பது கதை. நாடகம் பெரும் வெற்றி. சில ஆண்டுகளுக்குள் அதிர்ஷ்டம் தரும் ஆள், மிருகம், பொருள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1889இல் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வாங்கி மைதானத்துக்குக் கூட்டிவந்த புல்டோக், 'ஹான்ட்ஸம் டான்' என்ற பெயரோடு கல்லூரியின் சின்னமானது. அந்த நாய் இறந்த பின்னும் பெயர் இறக்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நாய்கள் அதே பெயரோடு வந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 1893இல் ஓர் ஆட்டைக் கொண்டுவந்தது. இராணுவக் கல்லூரி 1899இல் ஒரு கோவேறு கழுதையோடு வந்தது. அயலானிடம் ஒன்று இருந்தால் நமக்கும் ஒன்று வேண்டும் என்பதுதான் அதன் தர்க்கம். யாழ்ப்பாணத்து மதிற்சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்கவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தின் போட்டிக்கு வித்திட்டவை மிருகங்கள் அல்ல, மிசன்கள். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மெதடிஸ்த மிசனரிகள் யாழ்ப்பாண நகரத்தில் இறங்கி 1816இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே இன்றைய மத்திய கல்லூரி. அதே 1816இல் அமெரிக்க மிசன் வந்தது. பிரித்தானிய ஆட்சியாளருக்கு அமெரிக்கர் மீது நம்பிக்கை குறைவு. 1812இல் மூண்ட போரின் கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆகவே அவர்களை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் அடக்கிவைத்தார்கள். அவர்கள் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போனார்கள். 1823இல் உருவான வட்டுக்கோட்டை செமினரியும், அது 1855இல் மூடப்பட்ட பின் 1872இல் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் அந்த வழி வந்தவை. இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். மிசன் நல்லூரைப் பிடித்தது. 1823இல் அங்கே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பின்னர் சுண்டுக்குளிக்குப் பெயர்ந்து பரியோவான் கல்லூரியானது. கத்தோலிக்கர் 1850இல் தொடங்கிய பாடசாலை சம்பத்திரிசியார் கல்லூரியாக வளர்ந்தது.

ஒரு சிறு குடாநாட்டில் நான்கு சபைகள், நான்கு கல்லூரிகள், நான்கு வகைக் கிறிஸ்தவம். தேவாலயத்தில் வெளிப்படையாகச் சண்டை பிடிக்க முடியாததை வகுப்பறையில் பிடித்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் அதில் உண்மை உண்டு.

ஐந்தாவது ஆள் வந்தது உள்ளேயிருந்து. ஆறுமுக நாவலர் மத்திய கல்லூரியின் பிள்ளை. அங்கே படித்தவர், அங்கேயே படிப்பித்தவர், அதிபர் பீற்றர் பேர்சிவலுக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணைநின்றவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசனிடம் கற்ற முறையைக் கொண்டே மிசனுக்கு எதிர்ப்பாடசாலை. அவர் 1879இல் மறைந்த பின், 1886இல் ஒரு தனியார் ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கியது 1890இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் இந்துக் கல்லூரியானது.

இங்கே பணத்தின் பங்கையும் சொல்லவேண்டும். பழைய மாணவர் சங்க மலர்களில் இது அதிகம் வராது. 1870க்குப் பின் குடியேற்ற அரசு பாடசாலைகளுக்கு நன்கொடை கொடுத்தது, பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துக் கொடுத்தது. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எத்தனை பேர் சித்தியடைகிறார்கள் என்பதில் பாடசாலையின் உயிரே தங்கியிருந்தது. போதாததற்கு, ஏற்கெனவே நன்கொடை பெறும் பாடசாலைக்கு மிக அண்மையில் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்கு உதவி இல்லை என்ற தூர விதிகளும் வந்தன. 1890களில் 'கால் மைல் விதி' என்று பேசப்பட்டது அப்படி ஒன்று. அயற் பாடசாலை என்பது வெறும் அயல் அல்ல, உங்கள் பிள்ளையையும் உங்கள் நன்கொடையையும் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஆள். அந்த மோதலின் வெக்கையை ஒரு மைதானத்துக்குள் கொண்டுவர ஒரு பந்து போதுமாயிருந்தது.

முதற் போட்டி 1904இல். கொழும்பில் றோயல் கல்லூரியும் பரி. தோமாவின் கல்லூரியும் 1879 முதல் ஆடிவந்த 'பிக் மட்ச்' கண்முன் இருந்த மாதிரி. ஆனால் கொழும்புக் கல்லூரியோடு ஆட யாழ்ப்பாணத்துப் பையன்கள் எப்படிப் போவது? கொழும்புக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியதே 1905இல். ஆகவே நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஆளோடுதான் ஆட்டம். உலகம் முழுவதும் கல்லூரிப் பகை அயலவருக்கிடையே பிறப்பதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.  ஏன் சென்றலும் சென் ஜோன்ஸும் சேர்ந்தன என்பதற்கு என் கணிப்பு இது: இரண்டும் பிரித்தானியப் புரட்டஸ்தாந்து மிசன்களின் பிள்ளைகள். ஒரே பரீட்சை, ஒரே ஆட்டம், ஒரே ஆங்கில வாத்தியார் மனநிலை. நல்ல எதிரி நம்மைப் போலவே இருக்கவேண்டும்.

பின்னர் மற்றவர்களும் தங்களுக்கு ஒரு 'போர்' தேடிக்கொண்டார்கள். சம்பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவது 'பொன் அணிகளின் போர்'. இரு கல்லூரி நிறங்களிலும் பொன் இருப்பதால் வந்த பெயர். தெல்லிப்பழை மகாஜனாவும் சுன்னாகம் ஸ்கந்தவரோதயாவும் ஆடுவது 'வீரர்களின் போர்'. ஆங்கிலத்தில் 'பற்றில்' என்று விளையாட்டாகச் சொன்னதைத் தமிழில் போர், சமர் என்று எழுதுகிறோம். உண்மைப் போர் நடந்து முடிந்த மண்ணில் பத்திரிகைத் தலைப்பாக 'வடக்கின் பெரும் போர் நாளை ஆரம்பம்' என்று வாசிக்கும்போது வெளியூர்க்காரர் ஒரு கணம் திடுக்கிடுவதுண்டு. ஊர்க்காரர் பழகிவிட்டார்.

1960இல் அடித்தளமே மாறியது. உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியும் அரச பாடசாலைகளாயின. பரியோவான், சம்பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியவை தனியாராகவே நின்றன, கட்டணம் அறவிடும் உரிமையின்றி. அன்றிலிருந்து சென்றல் – சென் ஜோன்ஸ் ஆட்டத்தில் மெதடிஸ்தர் – அங்கிலிக்கன் என்ற வேறுபாட்டைப் பார்ப்பவர் எவரும் இல்லை. இரு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் சைவர்கள். மிசன்கள் போய்விட்டன, அவை போட்ட கோடு மட்டும் மிஞ்சியது. அந்தக் கோட்டுக்கு உள்ளே யார் வரலாம் என்ற கேள்வியும் இருந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற பணிப்பு வந்ததே 1920களின் கடைசியில்தான், அதற்கும் குடாநாட்டில் எதிர்ப்பு எழுந்தது. கல்லூரிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

போர்க்காலத்தில் இந்த ஆட்டம் என்னவானது? 2019இல் நடந்தது 113ஆவது போட்டி. 1904 முதல் ஆண்டு தவறாமல் நடந்திருந்தால் அது 116ஆவதாக இருக்கும். அந்தக் கணக்கின்படி விடுபட்டவை மிகச் சில. மத்திய கல்லூரி மைதானம் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இது வியப்பு. ஒரு பக்கம் 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம், சற்றுத் தள்ளி ஆண்டுக்கணக்கில் முற்றுகையும் ஷெல்லடியும் கண்ட ஒல்லாந்தர் கோட்டை.

பரியோவான் கல்லூரிக்குத் துடுப்பாட்டம் வேறொரு விலையும் கேட்டது. 1985 ஜூன் மாதம் அதன் அதிபர் சி.ஈ. ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினரோடு ஒரு துடுப்பாட்டப் போட்டிக்கு ஏற்பாடு செய்ததே அவர்மீதான குற்றம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. விடுதலைப் புலிகள் மீதே பழி சுமத்தப்பட்டது. யாரோடு விளையாடலாம் என்பதே உயிர்போகும் கேள்வியாக இருந்த காலம் அது. பத்து ஆண்டுகள் கழித்து 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே வீதியில் நடந்தார்கள்.

இப்போது மிருகக் கேள்விக்கு வரலாம். சிங்கம் நாட்டின் தேசியக் கொடியில் இருக்கிறது. புலி ஓர் இயக்கத்தின் கொடியில் இருந்தது. நந்தி ஆரியச் சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களில் இருந்தது, இன்று அதை ஏற்றினாலும் அதற்கொரு அரசியல் வாசிப்பு உண்டு. உலகில் எந்தப் பாடசாலையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளும் இந்த மூன்று மிருகங்களும் யாழ்ப்பாணத்தில் எடுக்க முடியாதவை. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாண அணிக்கு 'ஸ்டாலியன்ஸ்' என்று குதிரையின் பெயர் வைத்தார்கள். நெடுந்தீவுக் குதிரைகளை நினைத்துச் சிலர் மகிழ்ந்தார்கள். எவருக்கும் மனம் நோகாத மிருகம். அதுவும் அடுத்த ஆண்டே 'கிங்ஸ்' ஆகிவிட்டது. அந்த அணியில் ஆடி, பின்னர் 2024இல் ஐ.பி.எல். வரை போன சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் மத்திய கல்லூரியின் பிள்ளை.

ஆனால் சின்னம் செய்யும் ஆசை பிள்ளைகளிடம் இல்லாமல் இல்லை. அது வேறு வழியில் வெளிவருகிறது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் வாரத்தில் எந்த மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். மிசனரிகளின், பழைய அதிபர்களின் பெயர் தாங்கிய இல்லங்கள் தடியும் துணியும் கடதாசியும் கொண்டு கோட்டை கட்டும், கப்பல் கட்டும், யானை கட்டும். 'இல்ல அலங்காரம்' என்று அதற்குப் புள்ளியும் உண்டு. யேல் நாயைவிட இதில் உழைப்பும் கற்பனையும் அதிகம், ஒரே நாளில் பிரித்தும் விடுகிறார்கள். 2024இல் தெல்லிப்பழையில் ஒரு பாடசாலையின் இல்ல அலங்காரத்தில் கார்த்திகைப்பூ இருந்ததற்காகப் பொலிஸார் விசாரணைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது, ஐப்பசி கார்த்திகையில் நம் வேலிகளில் தானாகவே பூப்பது. பொலிஸ் கண்ணுக்குத் தெரிந்தது மாவீரர் நாள்.

சின்னத்துக்கு இவ்வளவு காவல் இருக்கிற ஊரில் மைதானத்துச் சண்டைக்கு அந்தளவு காவல் இருந்ததாகத் தெரியவில்லை. 2014ஆம் ஆண்டுப் பெரும் போரின்போது மைதானத்திலேயே மூண்ட கைகலப்பில் பழைய மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். வழக்கு மேல் நீதிமன்றம் வரை போனது. அதன் பின்னும் மார்ச் மாதங்களில் வாகன ஊர்வலம், பெண்கள் பாடசாலை வாசல்களில் கூச்சல், காசு சேர்ப்பு என்ற பெயரில் தொந்தரவு என முறைப்பாடுகள் வருகின்றன. வேம்படியும் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியும் இதே இரு மிசன்களின் பிள்ளைகள்தான், அதே அயல்தான். அவர்களுக்கிடையேயும் பரீட்சையிலும் விளையாட்டிலும் போட்டி உண்டு. அதற்கு மட்டும் இதுவரை எவரும் 'போர்' என்று பெயர் வைக்கவில்லை.