சிறு குழந்தைகளின் இரவு உறக்கம்

சாலை, கிணறு, பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றி நமது பஞ்சாயத்துக் கூட்டங்களில் நீண்ட விவாதம் நடைபெறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரவில் எத்தனை மணிக்கு உறங்குகின்றனர் என்ற பேச்சு எழுவது அரிது. அது வீட்டு விஷயமே என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

1, 2 வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. தூத்துக்குடிக் கரையில் இது எளிதன்று. விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் மீன்பிடித் துறைமுகம் திரும்ப வேண்டுமென்பது விதி. தகப்பனார் முகம் காணவே பல வீடுகளில் குழந்தையை விழித்திருக்க விடுகின்றனர். உப்பளத் தொழிலாளர் வீட்டிலோ, வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டித் தாய் விடியுமுன்னரே புறப்படுகிறாள். குழந்தையும் உடன் எழுப்பப்படுகிறது. அக்குழந்தை இரவு 10 மணிக்குப் படுத்திருந்தால் கிடைத்தது 6 மணி நேரமே.

உறக்கம் குறைந்த சிறுபிள்ளை பெரியவர்களைப்போல் சோர்ந்து கிடப்பதில்லை. துள்ளிக் குதிக்கும், அடம் பிடிக்கும். அதைக் கண்டு, "இன்னும் தூக்கம் வரவில்லை" என்று பெற்றோர் எண்ணிக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகின்றனர். இருள் சூழ்ந்ததும் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு ஊறி உறக்கத்தை அழைக்கிறது. கண்ணருகே ஒளிரும் திரை அதனைத் தாமதப்படுத்துகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாமென்றும், 2 முதல் 4 வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்றும் அதே நிறுவனம் கூறுகிறது.

செய்ய வேண்டியதற்குச் செலவேதும் இல்லை. படுக்கைக்கு அரைமணி நேரம் முன்பாகவே தொலைக்காட்சியை நிறுத்தி, பெரிய விளக்கை அணைத்து, சிறு விளக்கொன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உப்புக் காற்றின் பிசுபிசுப்பு நீங்க உடம்பைத் துடைத்து, பருத்தித் துணி உடுத்தி, பின்பு தாலாட்டோ கதையோ சொல்லலாம். இவை நாள்தோறும் ஒரே வரிசையில் நடைபெற வேண்டும். அவ்வரிசையே குழந்தைக்கு அடையாளமாகிவிடும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கக் குழந்தைக்கு அலுப்பதில்லை, அலுப்பு சொல்பவர்க்குத்தான்! 1961-உடன் நின்றுபோன முத்துக்குளிப்பைக் கண்ட பாட்டனார் வீட்டிலிருந்தால் கதைக்குப் பஞ்சமேது? பூச்சாண்டிக் கதை மட்டும் வேண்டாம். அச்சத்தால் கண் மூடும் குழந்தை நள்ளிரவில் அலறி எழக்கூடும்.

சேலைத் தொட்டிலில் நடக்கக் கற்ற பிள்ளையைத் தனியே விடலாகாது. முறுக்கிய துணி கழுத்தை இறுக்கிவிடும். உறங்கவைக்கச் சளி மருந்து புகட்டும் வழக்கம் அதனினும் ஆபத்தானது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகட்குக் கொடுக்கலாகாதென மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் உத்தரவிட்டுள்ளது.

தகப்பனார் என்ன செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் அவரே குழந்தையை 8 மணிக்கு உறங்கவைத்துப் பழக்கினால், தடைக்காலம் முடிந்த பின்னர் தாய்க்குச் சுமை குறையும். இரவில் மோட்டார் போட்டு வாழைக்கு நீர் பாய்ச்சும் உழவர்களும் வயலுக்குக் கிளம்புமுன் கதையொன்று சொல்லிச் செல்லலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கட்கும் வேலையுண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அரசு விலக்களிக்கும் விழா நாள்கள் தவிர, இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கொடை விழாவாயினும் சப்பரமாயினும் ஒலிபெருக்கி வாடகைக்கு அமர்த்தும் முன்னரே இதனை விழாக் குழுவினர்க்குத் தெரிவித்துவிடுவது, பின்னர் நள்ளிரவில் சச்சரவிடுவதைக் காட்டிலும் எளிது. வீட்டுச் சன்னலுக்குள் நேராக ஒளி வீசும் தெருவிளக்கைச் சற்றே திருப்பிவைக்க ஓர் ஏணியும் பத்து நிமிடமும் போதும்.